தள்ளித் தட்டிய கும்மி

உலகத் தாளவியல் வரலாற்றில் கூக்கால் ஏரிக்கரை இனிப் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்படும். சென்ற வியாழன் காலை அங்கேதான், ஒரே கைத்தட்டலில், எட்டுப் பெண்களின் தலைகள் நான்கு ஜோடியாக மோதிக்கொண்டன. தட்டச் சொன்னவன் நான். அவர்களில் ஒருவரான சண்முகசுந்தரியின் நெற்றிப் புடைப்பு முழுப் பூண்டளவு என்று சிலர் சொல்வது மிகை. ஒரு பல் அளவுதான்.

பழனி இன்னிசைக் குழு ஒன்றில் ரிதம் பேட் வாசித்தவன் நான். என் 'வளர்ச்சி'யைத் தாங்க முடியாமல் அவர்கள் என்னை விடுவித்ததும், 'தாள ஆலோசகர்' என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டேன். கொடைக்கானல் கோடை விழா மேடையில் கூக்கால் கும்மிக்கு முதன்முறையாக எட்டு நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். பூண்டு வயல் வேலை முடிந்து, கை கழுவிய ஈரத்தோடு ஒரு மாதமாகப் பழகிக்கொண்டிருந்தது வேலுத்தாயின் குழு. அவர்களை நவீனப்படுத்த, யாரும் கேட்காமலே மலையேறினேன்.

"இன்னைக்கு உலகமே ஆடுறது சிங்கோபேஷன்லதான். அடி விழ வேண்டிய இடத்துல விழாது, கொஞ்சம் தள்ளி விழும். அந்த ஏமாத்தத்துல இடுப்பு தானா அசையும்" என்று விளக்கினேன்.

"விழுற எடத்துல விழுந்தா என்னங்க கேடு?" என்றார் சண்முகசுந்தரி.

"அது பழமைவாதம்."

பாட்டு தொடங்கியதும் தள்ளித் தட்டிக் காட்டினேன். பாதிப் பேர் என் கையைப் பார்த்துக் குனிந்தார்கள். மீதிப் பேர் தங்கள் காலை நம்பித் திரும்பினார்கள். விளைவை மேலே அறிவித்துவிட்டேன்.

மாலையே விழாக் கமிட்டித் தலைவர் சேனாதிபதி தலைமையில் 'உயர்மட்ட விசாரணை' கூடியது. வீட்டில் கை நனைத்தவனை முகத்துக்கு நேரே குறை சொல்லும் வழக்கம் அந்த ஊரில் இல்லை. நான் மூன்று வீடுகளில் நனைத்திருந்தேன்.

"ஏரிக்காத்துதாங்க காரணம். சத்தத்தை அப்படியே தள்ளிக்கிட்டுப் போயிருது" என்றார் சேனாதிபதி.

"தரையும் மேடும் பள்ளமுமாக் கெடக்கு" என்றார் கும்மிக் குழுவின் பொன்னுத்தாய்.

காற்றைக் கண்டித்து ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

"சாருக்கு ஊருல ஆயிரம் சோலி கெடக்கும். வெள்ளனே ஆறு மணிக்கு பஸ்ஸு இருக்குங்க" என்று முடிவுரை ஆற்றினார் சேனாதிபதி. வழியில் மேலும் நான்கு பேர் அதே பஸ்ஸை நினைவூட்டினார்கள். என்மேல் ஊருக்கிருந்த அக்கறை கண்ணைக் கலங்க வைத்தது. தங்கிவிட்டேன்.

வெள்ளியும் சனியும் தீவிரப் பயிற்சி. தலைகள் மோதவில்லை, பக்கத்தில் வரவே பயந்தார்கள். வட்டம் முட்டை வடிவமானது. சனி மாலை சண்முகசுந்தரி பாட்டின் நடுவில் நின்றுவிட்டார். எங்கே தட்டுவது என்று மறந்துபோயிற்று. முப்பது வருடம் தப்பாத கை. அவர் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் ரிதம் பேடை நிறுத்தினேன். தாள ஆலோசகருக்கு இது நல்லதல்ல.

ஞாயிறு காலை, கொடைக்கானல் போகும் வேன் வாசலில் வேலுத்தாய் நின்றார். ரிதம் பேடைத் தோளில் மாட்டிக்கொண்டு நானும் போய் நின்றேன்.

"அக்கா, மழுப்பாமச் சொல்லுங்க. என் தாளம் எப்படி?"

வேனுக்குள் ஏழு பெண்களும் சட்டென்று மலையழகை ரசிக்கத் தொடங்கினார்கள்.

"கேட்டதால சொல்றேன் தம்பி" என்றார் வேலுத்தாய். "நாங்களும் தள்ளித்தான் தட்டுறோம். ரெண்டாவது வரி திரும்புறப்ப எங்க கை பிந்தித்தான் விழும். ஆனா கால் பிந்தாது. மூணு நாளு நின்னீங்க, அதைப் பாத்தீங்களா? தள்ளித் தட்டணும்னா, தட்டுற எடம் மொதல்ல தெரியணும். ஒங்களுக்குத் தாளம் தப்புது. அதுக்கு இங்கிலீசுல ஒரு பேரு வச்சுக்கிட்டு ஊர் ஊராத் திரியுறீங்க."

பேடைக் கழற்றிக் கீழே வைத்தேன். அவர் வழிவிட்டார்.

"வெரசா ஏறுங்க. முன்னால உக்காந்து பாருங்க. ஆனா ஆட்டம் முடியுற வரைக்கும் கையக் கட்டிக்கணும். முடிஞ்ச பெறகும் கைதட்டிறாதீங்க."