பாறையைச் சுத்தி முதல் வரிசை

ஒரு காட்டுல, மேட்டுச் சரிவுல இருந்து பாறை ஒண்ணு உருண்டு வந்து, பவுனுங்கற முள்ளம்பன்றியோட வளை வாசலை அடைச்சுக்கிட்டு உக்காந்துருச்சு. பவுனு கிழங்கு தோண்டப் போயிருந்தா. அவ புருஷன் சித்திரன் உள்ள தூங்கிட்டிருந்தான்.

பாறைக்கு அவன் மேல கோவம் எதுவும் இல்ல. யாரும் தள்ளலைன்னா அது இருந்த இடத்துலயே இருக்கும். ஓட ஆரம்பிச்சுட்டா, ஏதாவது நிறுத்தற வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கும். அதோட கொள்கையே அவ்வளவுதான்.

பவுனு திரும்பி வந்து பாத்தா. ஓரத்துல சின்னதா ஒரு சந்து இருந்துச்சு. அதுல வாயை வச்சு, "ஏங்க, உள்ளதான் இருக்கீங்களா?"ன்னா.

"வேற எங்க போகச் சொல்ற?"ன்னான் சித்திரன்.

மேற்கால வானம் கறுத்துக்கிட்டு வந்துச்சு. மழை இறங்கினா சரிவுத் தண்ணி மொத்தமும் அந்தச் சந்து வழியா வளைக்குள்ளதான் போகும். பவுனு கருங்குரங்கு மூர்த்திகிட்ட ஓடினா. அந்தக் காட்டுல நல்லது கெட்டது எதுன்னாலும் ஆள் சேக்கறது அவன்தான். போன்ல அதுக்குன்னே ஒரு குரூப் வச்சிருந்தான்.

யானை கொம்பையா வந்தாரு. காட்டெருமை செங்கோடன் வந்தாரு. கரடியும் காட்டுப்பன்னியும் வந்தாங்க.

"எல்லாரும் மேல் பக்கமா நின்னு கீழ தள்ளிடுங்கண்ணே, உருண்டு போயிரும்"ன்னா பவுனு.

அங்கதான் சிக்கல். அந்தக் காட்டுல மரியாதைப்பட்டவங்க யாரும் இன்னொருத்தர் வாலுக்குப் பின்னாடி நிக்க மாட்டாங்க. கல்யாணமோ கருமாதியோ, எல்லாருக்கும் முதல் வரிசைதான் வேணும். மேல் பக்கத்துல முதல் வரிசைன்னா ஒருத்தருக்குத்தான் இடம்.

"எருமை வாலைப் பாத்துக்கிட்டு தள்ளவா என்னைய வரச் சொன்னீங்க?"ன்னாரு கொம்பையா.

"அப்ப நான் யானை வாலைப் பாக்கணுமா? வீட்ல என்ன கேப்பாங்க?"ன்னாரு செங்கோடன்.

மூர்த்தி தலையைச் சொறிஞ்சான். "பாறையைச் சுத்தி வட்டமா நில்லுங்க. வட்டத்துல எல்லாருமே முதல் வரிசைதான்."

எல்லாருக்கும் திருப்தி. சமமான ஆளுங்களை எதிரெதிரா நிறுத்தினான். மேல எருமை, கீழ யானை. இந்தப் பக்கம் கரடி, அந்தப் பக்கம் பன்னி. "ம், தள்ளுங்க"ன்னான்.

சும்மா சொல்லக்கூடாது, உயிரைக் குடுத்துத் தள்ளினாங்க. செங்கோடனுக்குக் கழுத்து நரம்பு புடைச்சுருச்சு. கொம்பையாவோட கால் மண்ணுல புதைஞ்சுருச்சு. பாறை அசையவே இல்ல. மேல இருந்து எவ்வளவு வந்துச்சோ, கீழ இருந்தும் அவ்வளவு வந்துச்சு.

"என்ன ஒத்துமை பாத்தியா பவுனு"ன்னு மூர்த்தி போட்டோ எடுத்தான்.

உள்ள இருந்து சித்திரன் கேட்டான். "யாரோ முக்கற சத்தம் கேக்குதே, யாருக்கு உடம்பு சரியில்ல?"

"உங்களுக்காகத்தாங்க முக்கறாங்க."

"பாவம். பாறை எப்படி இருக்கு?"

"அது நல்லா இருக்கு."

முதல் தூறல் பவுனு மூக்குல விழுந்துச்சு. அந்த நேரம் கொம்பையா காது சொறியறதுக்கு ஒரு நொடி தலையை எடுத்தாரு. பாறை கீழ்ப் பக்கமா லேசா நகந்துச்சு. அவரு மறுபடி நெத்தியை வச்சாரு. நின்னு போச்சு. பவுனுக்குப் புரிஞ்சுருச்சு.

"கொம்பையா அண்ணே, நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுங்களேன்."

"செங்கோடன் எடுத்தானா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

மூர்த்திகிட்ட ஓடினா. "யானை அண்ணனை மட்டும் விலகச் சொல்லு."

"உதவிக்கு வந்தவரை விரட்டச் சொல்றியா? ஆள் பத்தல, அவ்வளவுதான். இன்னொரு யானையும் இன்னொரு எருமையும் கூப்பிடறேன்"ன்னு போனை எடுத்தான்.

தண்ணி சந்துக்குள்ள இறங்க ஆரம்பிச்சுது. "பவுனு, கால் நனையுது"ன்னான் சித்திரன்.

பவுனு முள்ளையெல்லாம் சிலிர்த்துக்கிட்டு சத்தமா சொன்னா. "செங்கோடன் அண்ணே, நல்லவேளை நீங்க ஒருத்தராவது தள்றீங்க. கீழ நிக்கறவரு சாஞ்சு தூங்கறாரு போல."

கொம்பையா நெத்தியை மெதுவா எடுத்தாரு. "தூங்கறவனுக்கு இங்க என்ன வேலை?"ன்னு ஒதுங்கி, ஓரமா நடக்க ஆரம்பிச்சாரு.

பாறை ஒரே ஓட்டம். செங்கோடன் குப்புற விழுந்தாரு. பாறை, நடந்து போய்க்கிட்டிருந்த கொம்பையாவைத் தாண்டி உருண்டு போய், சரிவுக்குக் கீழ இருந்த குளத்துல விழுந்துச்சு. அவரு திரும்பிக்கூடப் பாக்கல. சித்திரன் வயிறு வரைக்கும் சேறோட வெளிய வந்து, எல்லாருக்கும் வணக்கம் வச்சான்.

மாலை செங்கோடனுக்குப் போட்டாங்க. யானை ஒண்ணுமே பண்ணலைன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க.

மறுநாள் பவுனு கிழங்கு எடுத்துக்கிட்டு கொம்பையாவைப் பாக்கப் போனா. "மன்னிச்சுக்கங்கண்ணே. நீங்க தள்ளினதை விட, விட்டுட்டுப் போனதுதான் பெரிய உதவி."

கொம்பையா ரொம்ப நேரம் கிழங்கை மென்னாரு.

அடுத்த மழைக்குப் பாதையில ஒரு மரம் விழுந்துச்சு. மூர்த்தி நாலு பேரையும் சுத்தி நிறுத்திப் பாத்துட்டு, கொம்பையாவைத் தனியாக் கூட்டிட்டுப் போனான். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. போன தடவை மாதிரி கொஞ்சம் கோவிச்சுக்கிட்டுப் போறீங்களா?"

"யாரு திட்டுவா?"

"நானே திட்டறேண்ணே."

"சரி. ஆனா மரியாதையாத் திட்டணும்."

நீதி: உதவிக்கு நாலு பேர் வந்தா, ஒருத்தரையாவது அவமானப்படுத்தி அனுப்பிருங்க. மீதிப் பேரோட உழைப்பு வீணாப் போகாது.