பெங்கால் டிப்ரஷன்

அந்த வங்காளத்து அம்மாள் ஒரு காலை வள்ளத்துக்குள் வைத்துவிட்டாள். மார்போடு அணைத்திருந்த செம்பில் அவள் மகனின் அஸ்தி இருந்தது.

"சந்தியாகு, வள்ளத்தைத் தள்ளாத!" என்று கத்திக்கொண்டே சத்திரத்துக் காரியஸ்தர் சோணைமுத்து மணலில் ஓடிவந்தார். அஸ்தி கரைக்கத் தனுஷ்கோடிக்குப் போகவேண்டிய ரயில் போய்விட்டதால் அந்த வள்ளத்தைப் பேசிவிட்டவரே அவர்தான். இன்று விட்டால் திதி தப்பிவிடும். ஆனால் தபாலாபீசுக்குத் தந்தி வந்திருந்தது. வங்கக்கடலில் டிப்ரஷன்.

"அப்படின்னா என்ன சார்?" என்று அங்கே கேட்டிருந்தார்.

"ஒரு எடத்துல காத்தோட அழுத்தம் கொறஞ்சு போறது. சுத்தியிருக்க காத்தெல்லாம் அங்கன பாஞ்சு வரும். புயலுக்கு அதுதான்யா கரு" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

சந்தியாகு மேலே பார்த்தான். "வானம் பளிங்கா கெடக்குண்ணே. அந்தம்மாட்ட நீங்களே சொல்லுங்க. எறங்குனா எனக்கென்ன?"

சோணைமுத்துவுக்கு வங்காளி தெரியாது. கடலைக் காட்டி, "பெங்கால்! டிப்ரஷன்!" என்றார்.

அம்மாள் முகம் வெளுத்தது. "பெங்கால்?"

"ஆமா, பெங்கால்! கீழ, கீழ!" அழுத்தம் குறைவதைக் காட்ட உள்ளங்கையைத் தரையை நோக்கித் தாழ்த்தினார்.

அவள் தன் இடுப்பளவுக்குக் கையைக் காட்டி, "புதுல்? புதுல்?" என்று பதறினாள்.

அலையின் உயரத்தைக் கேட்கிறாளாக்கும் என்று நினைத்தார் அவர். "அம்புட்டுத்தானா? அதுக்கும் மேல!" என்று கையைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றினார்.

அவள் அலறிக்கொண்டு கரைக்குத் தாவினாள். புதுல் என்பது ஊரில் விட்டுவந்த பேத்தியின் பெயர் என்பது அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. இறந்துபோன மகனின் ஒரே குழந்தை. நேற்றுத்தான் சத்திரத்தில் படம் காட்டியிருந்தாள்.

"ஐயையோ, அதில்லம்மா!" எழுத்தில் காட்டினால் தெளிவாகும் என்று, கேட்டு வாங்கி வந்த தந்தித் தாளை மடியிலிருந்து எடுத்து நீட்டினார்.

தந்தியைக் கண்டதும் அவள் மணலிலேயே சாய்ந்துவிட்டாள்.

கூட வந்து பக்கத்திலேயே நின்றிருந்த அவளுடைய அண்ணன் தாளை வாங்கிப் படித்தார். தங்கையிடம் காட்டாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அவளைக் கைத்தாங்கலாகச் சத்திரத்துக்கு அழைத்துப்போனார்.

சோணைமுத்து அன்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளை இன்னொரு முறை அழவைத்துவிட்டோமே! கல்கத்தாவில் கப்பல் வேலை பார்த்த கபீரை அக்காள்மடத்திலிருந்து கூட்டிவர ஆள் அனுப்பினார். அவன் வந்து சேர்ந்தபோது கடல் கறுத்து, ஓலைகள் பறந்துகொண்டிருந்தன. அம்மாள் உள்ளே பேத்திக்காக விளக்கேற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"கபீரு, பேத்திக்கு ஒண்ணுமில்லன்னு அந்தம்மாட்ட சொல்லிருப்பா. ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

அதற்குள் அண்ணன்காரர் கபீரை வாசலிலேயே மறித்து, தனியே இழுத்துப்போய் மெல்லிய குரலில் நெடுநேரம் பேசினார். கபீர் தயங்கித் தயங்கித் திரும்பி வந்தான்.

"அண்ணே, அவரு வானிலை ஆபீசுல முப்பது வருசம் இருந்தவராம், டிப்ரஷன்னு நீங்க சொன்னதுமே புரிஞ்சிருச்சாம். 'புயல்னு சொன்னா இவ சாகுறதுக்குன்னே வள்ளத்துல ஏறியிருப்பா, பேத்திய நெனச்சுத்தான் எறங்குனா'ங்கிறாரு. காத்து அடங்குற மட்டும் எனக்கு வங்காளி தெரியாதுன்னே இருக்கச் சொல்றாரு."