தாலி அறுத்த நாத்தனார்

கதவு ஒழுங்காகத் திறந்து மூடும்வரை அதை யாரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். மக்கர் செய்த மறுநிமிடம், அதற்கு யார் காரணம் என்று தேடுவார்கள். அப்படித் தேடப்படுகிறவள் நான்.

கட்டடம் எழும்பும்போது எந்தக் கதவுக்கு எந்தக் கீல், எந்தப் பூட்டு, எது தானாக மூடவேண்டும், தீப்பிடித்தால் எது உடனே திறக்கவேண்டும் என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். எந்தக் கம்பெனியின் பூட்டையும் நான் விற்பதில்லை. அதனால் பூட்டு விற்பவர்களுக்கு என்னைப் பிடிக்காது. மட்டமான கீலை ஒப்புக்கொள்வதில்லை. அதனால் குத்தகைக்காரர்களுக்கும் பிடிக்காது. கோலா சிலாங்கூரிலுள்ள என் சொந்தக்காரர்களோ நான் பூட்டுக்கடை வைத்திருப்பதாகவே நம்புகிறார்கள். (சாவி தொலைந்தால் முதல் போன் எனக்குத்தான். "கோமளா, சும்மாதானே இருக்க, வந்து தொறந்து குடேன்லா.")

கம்பெனி வேலையை விட்டுத் தனியாக இறங்கியதும் எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை, ஜெராம் போகும் சாலையில் ராஜு அண்ணன் கட்டிய கல்யாண மண்டபம். அவர் முன்வாசலுக்குப் பளபளவென்று பக்கவாட்டில் நகரும் கண்ணாடிக் கதவு கேட்டார். வெளிப்பக்கம் திறக்கும் அகலமான இரட்டைக் கதவுகள்தான் என்று நான் அடம்பிடித்தேன். மேடைக்குப் பக்கத்தில் கிரில் போட்டுப் பூட்டிவிடலாம் என்றார். அவசரக் கதவு இல்லாமல் மண்டபமே கூடாது என்றேன்.

அந்த அவசரக் கதவு என் பெருமை. குறுக்கே ஒரு தள்ளுகம்பி இருக்கும். இடுப்பால் இடித்தாலே திறக்கும். திறந்தால் அலாரம் அலறும். ஆள் வெளியேறியதும் கதவு தானாக அறைந்து மூடிக்கொள்ளும். திருடன் நுழையக்கூடாது என்பதால் வெளிப்பக்கம் கைப்பிடியே கிடையாது. அலாரத்தை நிறுத்தும் சாவி ராஜு அண்ணனிடம் மட்டும் இருக்கும். இதையெல்லாம் எழுதி முடித்த அன்று, காப்பியம் பாடி முடித்த புலவரைப் போல நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

மண்டபம் திறந்த சில மாதங்களில் என் தம்பி தினேஷுக்கு அங்கேயே கல்யாணம். பெண் யாழினி, பத்தாங் காலி ஊர்க்காரி. தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டதும், மற்ற இரண்டையும் நாத்தனார் போடவேண்டும். ஒரே அக்கா என்பதால் அந்தப் பொறுப்பு என்னுடையது. அன்றைக்கு எனக்கு வேறு ஒரு வேலையும் இல்லை. அதைத்தான் நான் கெடுத்துக்கொண்டேன்.

தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காகக் கூட்டத்துக்குள் போயிருந்தது. மணப்பெண்ணுக்குப் பின்னால் நின்றிருந்த நான், மற்றவர்களைப் போல அவள் நகைகளைப் பார்த்திருக்கலாம். என் கண் அவசரக் கதவுக்குப் போனது. தள்ளுகம்பியைச் சிவப்பு ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றால் ஜன்னல் கம்பியோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மண்டபம் நிறைய ஜனம். சமையல் பக்கத்தில் அடுப்பு. தப்பிக்கும் வழிக்குக் கட்டு.

ராஜு அண்ணனைப் பிடித்து விசாரித்தேன்.

"பிள்ளைங்க அமுக்கி அமுக்கி வெளாடுதுங்க தங்கச்சி. ஒவ்வொரு கல்யாணத்துலயும் கத்துது. இது முடியட்டும், அவுத்துர்றேன்."

இப்போதே அவிழ்க்கிறேன், அலாரத்தை நிறுத்திவிட்டீர்களா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். (அவர் தலையாட்டியது நாதஸ்வரத்துக்கு என்பது பிறகுதான் தெரிந்தது.)

பழத்தட்டில் கிடந்த கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தேன். அதோடு திரும்பி வந்திருந்தால் நான் சாதாரண மனுஷி. இத்தனை நாள் கட்டிக் கிடந்த கம்பி சிக்கிக்கொண்டிருக்குமோ என்று சந்தேகம் வந்தது. சோதித்துப் பார்ப்பதுதானே தொழில் தர்மம்? பட்டுச்சேலையோடு என் முழு எடையையும் கம்பிமேல் சாய்த்தேன்.

கதவு அற்புதமாகத் திறந்தது. அலாரம் அற்புதமாக அலறியது. நான் தடுமாறி வெளியே போய் விழுந்தேன். பின்னால் கதவு அற்புதமாக மூடிக்கொண்டது.

எழுந்து கைப்பிடியைத் தேடினேன். இல்லை. இருக்கக்கூடாது என்று எழுதியவளே நான்தான். தட்டினேன், குத்தினேன், தம்பி பேரைச் சொல்லிக் கத்தினேன். தீயைத் தாங்கும் கனமான கதவு. என் குரலும் அதைத் தாண்டவில்லை. கைப்பேசியும் செருப்பும் உள்ளே. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு கட்டடத்தைச் சுற்றி ஓடினேன். குழம்பு கிண்டிக்கொண்டிருந்த சமையல்கார அம்மா என்னைப் பார்த்து, பந்திக்கு இன்னும் நேரமிருக்கிறது என்று சாந்தமாகச் சொன்னார்.

முன்வாசலுக்கு வந்தால் மொத்தக் கூட்டமும் வெளியே வந்துகொண்டிருந்தது. நான் அடம்பிடித்து வாங்கிய அகலக் கதவுகள் இரண்டும் விரியத் திறந்து கிடந்தன. ஒருவரும் இடிக்கவில்லை, ஒரு குழந்தையும் விழவில்லை. தவிலும் நாதஸ்வரமும்கூட வெளியே வந்துவிட்டன. என் வாழ்நாளில் நான் பார்த்த மிகச் சிறந்த வெளியேற்றம் அது. உள்ளே நுழைய முயன்றவள் நான் ஒருத்திதான். என் கதவு எனக்கு மட்டும் வழி விடவில்லை. யாரோ ஒரு பெரியவர் பரிவோடு என் முழங்கையைப் பிடித்துக் கார்கள் நிற்கும் பக்கம் இழுத்தார். "உள்ள நெருப்பும்மா. உசிரவிட நகையா முக்கியம்?"

அவரை உதறிவிட்டு உள்ளே பாய்ந்தேன். மேடையில் குருக்கள் இருந்தார், என் அம்மா இருந்தார், பெண்ணைப் பெற்றவர்கள் இருந்தார்கள், யாழினி இருந்தாள். மாப்பிள்ளையைக் காணோம்.

"உங்களத் தேடித்தான் அந்தக் கதவத் தள்ளிட்டுப் போனாரு அண்ணி," என்றாள் யாழினி, காதைப் பொத்திக்கொண்டு. "கதவு மூடிக்கிச்சு."

"தாலி?"

"தட்டு திரும்பி வந்தோன்ன கையில எடுத்துக்கிட்டாரு. அவருகிட்டதான் இருக்கு."

நல்ல நேரம் முடியப் போகிறது என்று குருக்கள் சைகை காட்டினார். ஓடிப்போய்க் கம்பியைத் தள்ளினேன். வெளியே மாலையும் கழுத்துமாக என் தம்பி, ஒரு கையில் தாலி, மறு கையில் சமையல்கார அம்மா கொடுத்த தண்ணீர்.

"இந்தக் கதவ எழுதுனது யாருக்கா?" என்று கேட்டான்.

அவனை உள்ளே இழுத்தேன். கெட்டிமேளம் கொட்ட ஆளில்லை. அலாரம் அலற அலறத் தாலி ஏறியது. என் முடிச்சுகள் இரண்டையும் போட்டேன். மேடையில் இருந்தவர்கள் மட்டும் அட்சதை தூவினார்கள்.

வெளியே அதைவிட மோசம். தாலி ஏறிய பிறகே சாவியைத் தேடிப்பிடித்து அலாரத்தை நிறுத்திய ராஜு அண்ணன், தன்மேல் பழி வந்துவிடுமோ என்று பயந்து, நடந்ததைக் கூட்டத்துக்கு விளக்கியிருக்கிறார். மலாயில் தாலி என்றால் கயிறு. நம் ஊரில் ராஃபியா கயிற்றுக்கு மலாய்ப் பேரே வழக்கம்: தாலி ராஃபியா. "நான் கட்டி வச்ச தாலிய இவங்க அறுத்துட்டாங்க" என்று அவர் சொன்னதைக் கேட்டுப் பத்தாங் காலிக்காரர்கள் நெஞ்சில் கை வைத்துவிட்டார்கள். யாழினியின் தாய்மாமன் விறுவிறுவென்று மேடையேறி வந்தார்.

"கல்யாணத்தன்னிக்கே தாலி அறுத்த நாத்தனார இப்பதான்மா பாக்குறேன். எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேளு."

அம்மா என்னைக் கெஞ்சும் பார்வை பார்த்தார். புழுதி படிந்த சேலை, சேறு அப்பிய கால், அவிழ்ந்த கொண்டை. மானம் என்று மிச்சமிருந்தால்தானே போவதற்கு?

"கயிறு கட்டுனவரு கேக்கட்டும் மாமா. இத்தன பேர உள்ள உக்கார வச்சு வழிய அடச்சிருக்காரு. நெசமாவே நெருப்புப் பிடிச்சிருந்தா என்னா செஞ்சிருப்பீங்க?"

யாழினி தன் மாலையைச் சரிசெய்துகொண்டு, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, சாப்பிடப் போகலாம், பசிக்கிறது என்றாள். அந்த நிமிடத்திலிருந்து அவள் என் கட்சி.

பிறகு நான் எழுதிக் கொடுத்தபடி, சின்னப் பிள்ளைகள் விளையாட முடியாதபடி கம்பிக்கு மேல் ஒரு மூடி போட்டார் ராஜு அண்ணன். கயிறு மறுபடி வரவில்லை. அடிக்கடி போய்ப் பார்க்கிறேன். அழைப்பில்லாத கல்யாணமாக இருந்தாலும் போகிறேன். மாமனுக்கு நான் இன்னும் தாலி அறுத்தவள்தான். மன்னிப்பும் இன்னும் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை.

கல்யாண வீடியோவில் தாலி கட்டும் இடத்தில் அலாரத்தைத் தவிர ஒன்றும் கேட்காது. அதைப் பார்த்து வளர்ந்த தம்பி பிள்ளைகளுக்கு, கல்யாணம் என்றால் அந்தச் சத்தம்தான். சாலையில் தீயணைக்கும் பொம்பா வண்டி அலறிக்கொண்டு போனால், காரின் பின்சீட்டில் என் பக்கத்திலிருந்து இரண்டும் கையைத் தூக்கி, இல்லாத அட்சதையைத் தூவுகின்றன. முன்சீட்டில் யாழினியும் தூவுகிறாள். தினேஷ் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், கன்னம் துடிக்கச் சிரிப்பை அடக்குகிறான்.