வலைக்குப் போட்ட தையல்

“யாராவது ஊசி நூல் வெச்சிருக்கீங்களா?” என்று நடுவர் கேட்டு முடிப்பதற்குள் டெய்லர் ஆடுகளத்துக்குள் இறங்கிவிட்டார்.

வளையப்பந்து இறுதிப்போட்டி. ரப்பர் வளையத்தை வலைக்கு மேலே எறிய வேண்டும். எதிரணி அதைக் கீழே விடாமல் ஒற்றைக் கையால் பிடித்துத் திருப்பி எறிய வேண்டும். இரட்டையர் ஆட்டத்தில் டெய்லரின் மகளும் ஒருத்தி. அவ்வளவு பெரிய நாளில் வலையின் மேல்பட்டி பிரிந்து தொங்கியது.

“நான் தைச்சா துணிதான் கிழியும், தையல் பிரியாது சார்! இருபத்திரண்டு வருஷ அனுபவம்!”

மூன்றே நிமிடத்தில் முடித்தார். கூட்டம் கைதட்டியது. நெஞ்சை நிமிர்த்தி மகளைப் பார்த்தார். அவள் முறைத்தாள்.

“ஏம்ப்பா இவ்ளோ அவசரம்? என் ஜோடி இன்னும் வரலை. பஸ் வழியில நின்னுடுச்சாம். வலை ரெடியானதும் விசில் அடிச்சுடுவாங்க. ஆள் இல்லேன்னா கப்பு அவங்களுக்கு!”

நடுவர் விசிலை வாயில் வைத்தார். நல்லவேளை, பட்டி மறுபடியும் தொங்கியது.

இந்த முறை நிதானமாகத் தைக்கத்தான் நினைத்தார். ஆனால், “தையல் பிரியாதுன்னீங்களே?” என்று யாரோ சிரித்ததும் ரோஷம் வந்துவிட்டது. இரட்டை நூல் கோத்து இரண்டே நிமிடத்தில் முடித்தார். மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

விசில் மறுபடி வாய்க்குப் போனது. பட்டி மறுபடி தொங்கியது.

டெய்லருக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்றாவது முறை தைத்து முடித்ததும் நடுவர் பொறுமையிழந்து கேட்டார்: “இப்பவாவது நிக்குமா, நிக்காதா?”

நிற்கும் என்று அவர் கைக்குத் தெரியும். சொன்னால் மகளின் கப்பு போய்விடும். அவரிடம் சட்டை தைத்தவர்கள் பத்துப் பேராவது கூட்டத்தில் இருந்தார்கள். அவர்களைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார்.

“நிக்காது சார். என் தையல் மட்டம். எல்லாத்தையும் பிரிச்சு முதல்லேருந்து தைக்கணும்.”

மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒவ்வொரு தையலாகப் பிரித்து, ஒவ்வொரு தையலாகப் போட்டார். கடைசி முடிச்சுப் போடும்போது செருப்பைக் கையில் பிடித்தபடி ஜோடி ஓடி வந்தாள்.

மகளும் ஜோடியும் ஆடினார்கள், ஆட்டம்! கடைசி வளையத்தை மகள் தரையைத் தொடும் நேரத்தில் இடக்கையால் பறித்து, எதிரணி திரும்புவதற்குள் மூலையில் போட்டாள். கப்பு கைக்கு வந்ததும் நேராக அப்பாவிடம் கொண்டுவந்து கொடுத்தாள். பெருமையோடு அவர் அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

“அண்ணே, நான் தைக்கக் குடுத்த பேன்ட்டு... துணியாவே இருந்தா திருப்பிக் குடுத்துடுங்க” என்றார் பக்கத்தில் நின்ற வாடிக்கையாளர்.

டெய்லரின் முகம் வாடியது. கைகுலுக்க வந்த எதிரணித் தலைவி அதைப் பார்த்துவிட்டாள்.

“அங்கிள், உங்க தையல் ஒண்ணுகூடத் தானா பிரியலை” என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. “ஆள் வராம கிடைக்கிற கப்பு எங்களுக்கு எதுக்குன்னு, முதல்ல பட்டியையும், அப்புறம் ரெண்டு தடவை உங்க தையலையும் நகவெட்டியால வெட்டிவிட்டது நான்தான்!”