மேல் வீட்டு எர்த்தும் கீழ் வீட்டு ஆடும்

ஆம்பூர்,
12.3.1999.

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான சாந்தகுமார் மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் பெர்சிஸ் அன்போடு எழுதுவது. இங்கே தேவ கிருபையால் அப்பா சுகம், அம்மா சுகம், கீழ் வீட்டில் வீட்டுக்காரர் சமத் பாய் குடும்பமும் அவர்களுடைய ஆடும் சுகம். வீட்டு மின்சாரத்தைப் பற்றி மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அங்கே நீங்களும் அத்தையும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். நீங்கள் ஐ.டி.ஐ.யில் வயர்மேன் பிரிவுக்குப் பாடம் எடுப்பவர் என்பதால், நேற்று நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன். படித்துவிட்டு, இதில் அறிவியல் எதுவரை, ஆடு எதுவரை என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

போன மாதம் அம்மா நைட் டியூட்டி முடிந்து வந்து ஃப்ரிஜ்ஜைத் திறந்தபோது ஷாக் அடித்ததும், எர்த் குழாய் புதைத்த குழியில் உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்லி நீங்கள் எழுதியதும் நினைவிருக்கும். உங்கள் கடிதத்தை அப்பா சமத் பாயிடம் படித்துக் காட்டினார். அவர் தோல் மண்டியில் வேலை செய்கிறவர் அல்லவா, அங்கே உப்புப் போட்டு வருகிற பச்சை ஆட்டுத் தோலை உதறும்போது கொட்டுகிற உப்பு குவியலாகக் கிடக்குமாம், ஒரு மூட்டையை சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து குழியில் கொட்டிவிட்டார். ஷாக் நின்றது. அம்மா உங்கள் பேரைச் சொல்லி ஸ்தோத்திரம் பண்ணினார். அதற்குப் பிறகுதான் ஆடு வந்தது.

பக்ரீத்துக்காக வாங்கிய ஆடு. பெயர் பாதுஷா. குர்பானி ஆட்டின் உடம்பில் குறை எதுவும் இருக்கக் கூடாது என்பதால் சமத் பாயின் மனைவி வஹீதா ஆன்ட்டி அதைக் கண்ணுக்குள் வைத்துப் பார்க்கிறார். கொல்லையில் வேலி முழுக்க முள்கம்பி, முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி. ஆகவே கொல்லையிலேயே வழவழப்பான, சுத்தமான ஒரே பொருளில் அதைக் கட்டினார். அதுதான் நம் எர்த் குழாய். அன்றிலிருந்து ஃப்ரிஜ் ஒரு நேரம் ஷாக் அடிக்கும், ஒரு நேரம் அடிக்காது. அம்மா ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு மரக்கரண்டியால்தான் கதவைத் திறந்தார்.

இந்த நேரத்தில், மாடிக்குத் தனி மீட்டர் கேட்டு சமத் பாய் எப்போதோ எழுதிக் கொடுத்ததற்குப் பதில் வந்தது. மின்சார வாரியத்திலிருந்து ஆள் வந்து ஒயரிங் பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். "பாஸ் ஆவலன்னா செவுத்த ஒடச்சி எல்லாத்தயும் புச்சா பண்ணணும் சார். ரெண்டு மாசம் நீங்க வேற வூடு பாத்துக்கற மாதிரி ஆய்டும். எனக்கும் பேஜார்தான்" என்று சமத் பாய் அப்பாவிடம் சொல்லிவிட்டார். மாமா, எனக்குப் பொதுத்தேர்வு இந்த மாதக் கடைசியில் தொடங்குகிறது. இங்கே பள்ளி அடுத்த தெரு. ஆம்பூரில் வேறு வீடு கிடைக்காவிட்டால் அப்பாவின் சொந்த ஊரான நெமிலிக்குத்தான் போக வேண்டும், அங்கிருந்து எந்த பஸ் பிடித்தாலும் நான் கணக்குப் பரீட்சைக்கு அறிவியல் பரீட்சை அன்றுதான் வந்து சேருவேன்.

நேற்று நந்தகோபால் என்ற அதிகாரி வந்தார். ஹோல்டரில் மாட்டிய பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர். ஒன்றை கரண்ட் வரும் துளையிலும் மற்றதை எர்த் துளையிலும் வைத்தால், எர்த் சரியாக இருக்கும்போது பல்பு எரியும். எரிந்தது. அவர் பேனாவைத் திறந்தார். பல்பு அணைந்தது. பேனாவை மூடினார்.

குழாய் இருக்கிறதா என்று பார்க்க அப்பா கீழே ஓடினார். உடனே மேலே பல்பு எரிந்தது. "வந்துடுச்சி சார், மேல வாங்க" என்று அதிகாரி கூப்பிட்டார். அப்பா மேலே வந்து மூச்சு வாங்கி முடிப்பதற்குள் அணைந்துவிட்டது. மறுபடி இறங்கினார், எரிந்தது. ஏறினார், அணைந்தது. அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"சார், நீங்க கீழ போனா எர்த் வருது, மேல வந்தா போய்டுது. நீங்க இன்னா வேல பாக்குறீங்க?"

"ஆஸ்பத்திரில ஃபார்மசிஸ்ட் சார்" என்றார் அப்பா, குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில்.

"வூட்லயும் அப்டித்தான் சார். அவரு இல்லாதப்பதான் எல்லாம் ஒழுங்கா வேல செய்யும்" என்று அம்மா சொன்னது யாருக்கும் உதவியாக இல்லை.

நான் சமையலறை ஜன்னலுக்குப் போய்க் கொல்லையை எட்டிப் பார்த்தேன். உப்பும் தண்ணீரும் ஊறிச் சேறான மண்ணில் குழாய் ஆடும் பல் மாதிரி நின்றது. அதில் முறுக்கியிருந்த எர்த் கம்பி கழன்று சுவரோரம் தொங்கியது. அப்பாவை இன்னொரு முறை இறங்கி ஏறச் சொல்லிவிட்டுக் கவனித்தேன். பாதுஷா குழியில் உப்பை நக்கும்போது கயிறு தளர்ந்து, குழாய் கம்பியை விட்டு விலகி நிற்கிறது. அப்பாவின் சட்டையில் வருகிற மருந்து வாசனை அதற்குப் பிடிக்காது. அவரைக் கண்டதும் பயந்து சுவர்ப்பக்கம் ஒதுங்குகிறது, கயிறு இழுபடுகிறது, குழாய் சாய்ந்து கம்பியைத் தொடுகிறது, மேலே பல்பு எரிகிறது. உற்றுநோக்கல், மறுபடி சோதித்தல், முடிவு என்று எங்கள் புத்தகத்தில் இருக்கிற முறைப்படியே கண்டுபிடித்து அதிகாரியிடம் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை, பரிதாபப்பட்டார். "பத்தாவது படிக்கிற பொண்ணு. ஆடு கரண்ட் குடுக்குதுன்னு பரீட்சைல எழுதிடாத பாப்பா."

கீழேயிருந்து வஹீதா ஆன்ட்டி, பாதுஷா மேல் பழி போடாதீர்கள், அது வாயில்லா ஜீவன் என்றார். வேறு இடத்தில் கட்டிப் பார்க்கலாமே என்று சமத் பாய் தயங்கியபடி கேட்டார். "முள்ளு கீறிச்சின்னா குர்பானிக்கு இன்னா பண்றது? நீங்க வந்து நிப்பீங்களா?" என்றார் ஆன்ட்டி.

அப்போது அப்பா யாரிடமும் எதுவும் சொல்லாமல் கீழே இறங்கிப் போய் ஆட்டுக்கு எதிரே நின்றுகொண்டார். பல்பு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. அதிகாரி மற்ற சுவிட்சுகள், மெயின், ஃப்யூஸ் எல்லாம் பார்த்து, ஒயரிங் நன்றாகத்தான் இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, போகும்போது அம்மாவிடம், "சார கீழயே இருக்கச் சொல்லுங்கம்மா" என்றார்.

ஆக எல்லாம் நல்லபடியாக முடிந்தது. இப்போது அம்மாவுக்கு ஃப்ரிஜ்ஜிலிருந்து பால் வேண்டுமென்றால் அப்பா கொல்லைக்குப் போகிறார். "நின்னுட்டீங்களா?" என்று மேலேயிருந்து குரல். "நிக்கறேன், தொற" என்று கீழேயிருந்து பதில். ஆனாலும் எனக்குக் குழப்பம் தீரவில்லை. நான் உண்மையைச் சொன்னேன், அவர் நம்பவில்லை, அப்பா வாயே திறக்கவில்லை, பாஸ் ஆகிவிட்டது. இதில் யார் பொய் சொன்னது? ஆட்டுத் தோலிலிருந்து உதிர்ந்த உப்பை ஆடே நக்குகிறதே, அதை அதனிடம் யாராவது சொல்ல வேண்டாமா? பக்ரீத்துக்குப் பிறகு நாங்கள் எதை எதிரே நின்று பயமுறுத்துவது?

அத்தைக்கு என் ஸ்தோத்திரங்கள். என் பரீட்சைக்காகவும், அப்பாவின் முழங்காலுக்காகவும் மறவாமல் ஜெபிக்கவும்.

உங்கள் அன்பு மருமகள்,
பெர்சிஸ்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபால் பெட்டியில் போடக் கிளம்பியபோது பாதுஷா எர்த் குழாயைப் பிடுங்கி இழுத்துக்கொண்டு தெருவில் ஓடியது. நானும் ஆன்ட்டியும் துரத்தினோம். முனை டீக்கடையில் போய் நின்றது. அங்கே நந்தகோபால் சார் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆட்டைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பரீட்சைல எழுதும்மா. தப்பில்ல" என்றார். பிறகு எங்களோடு வீட்டுக்கு வந்து கையெழுத்துப் போட்ட காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். எங்கள் ஃப்யூஸ் கட்டையும் அவர் சட்டைப் பையில் போய்விட்டது. நான் இதை ஜன்னல் வெளிச்சத்தில் எழுதுகிறேன். சுவரை உடைக்க வேண்டாமாம், யாரும் காலி பண்ண வேண்டாமாம், வேலை தெரிந்தவர் யாராவது ஒரு புது எர்த் புதைத்தால் கட்டையைத் தருவாராம். சமத் பாய் கடப்பாரையோடு தயாராக இருக்கிறார். ஆகவே மாமா, மேலே "எல்லாம் நல்லபடியாக முடிந்தது" என்று எழுதிய இடத்தை அடித்துவிட்டு, இதைக் கண்டதும் ரயில் ஏறவும். குழியில் நீங்கள் எதை வேண்டுமானாலும் போடுங்கள். உப்பு மட்டும் வேண்டாம்.