முழ நீள ரிப்பன்

ஈராக் போரை ராணுவம் நடத்தியதாக நினைப்பவர்கள், அமெரிக்காவின் ஒஹாயோவில் இருக்கும் எங்கள் கெல்பர்ன் ஊரைப் பார்த்ததில்லை. அந்தப் போரை முன்னின்று நடத்தியது எங்கள் 'வீரர் ஆதரவுக் கமிட்டி'. அதன் செயலாளர் என்ற முறையில் அடக்கத்தோடு சொல்கிறேன்: போர் முழுவதிலும் கமிட்டி உறுப்பினர் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

எங்கள் ஆயுதம், காரின் பின்னால் ஒட்டும் மஞ்சள் ரிப்பன். துணி அல்ல, ரிப்பன் வடிவில் வெட்டிய காந்தம். 'நம் வீரர்களை ஆதரிப்போம்' என்று எழுதியிருக்கும். இரண்டாயிரத்து நான்காம் ஆண்டுக் கோடையில், ரிப்பன் இல்லாத வண்டி ஊரில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. அதன் சொந்தக்காரரோடு சர்ச்சில் யாரும் பேசவில்லை. ஒற்றுமை அந்த அளவுக்குப் பெருகியிருந்தது. ரிப்பன்களைச் சீனாவில் செய்தார்கள். எங்கள் இரும்புத் தகட்டு ஆலையின் வேலையும் அங்கேதான் போயிருந்தது. ஆலை மட்டும், மிச்சத் தகடுகளோடு, இங்கே பூட்டிக் கிடந்தது.

கமிட்டித் தலைவர் வெர்னன் ஹார்ட்ஸாக், கார் வியாபாரி. ராணுவ வண்டி போலவே செய்த ராட்சச வண்டிகளை விற்பவர். அதில் ஏறி மளிகைக் கடைக்குப் போவதும் ஒரு வகைப் படையெடுப்பு என்பது அவர் கொள்கை.

செப்டம்பர் கூட்டம். கொடி வணக்கம் முடிந்து, டோனட் பெட்டியைத் திறக்கும் முக்கியமான கட்டத்தில் லொரெட்டா பிக்ஸ்லர் எழுந்து நின்றாள். அவள் மகன் டாரில் ஈராக்கில் ராணுவ வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான்.

"வெர்னன், அங்க பசங்க குண்டுக்குத் தடுப்பா, குப்பைமேட்டுல தகரம் பொறுக்கி வண்டியில கட்டிக்கிறாங்களாம். டாரில் போன்ல சொன்னான். நம்ம ஆலையில தகடு மலையாக் கிடக்கு. வெட்டித் தர ஆளுங்களும் இருக்காங்க, வேலை போய் வீட்டுல சும்மாதானே உக்காந்திருக்காங்க. சாவி உன் மச்சான்கிட்ட இருக்கு. நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

வெர்னன் கண்ணாடியைக் கழற்றினார். "உன் வேதனை எனக்குப் புரியுது லொரெட்டா. ஆனா யோசிச்சுப் பாரு. நாம தகடு அனுப்பினா, அவங்ககிட்ட தகடு இல்லைன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். எதிரி காதுல விழுந்தா என்னாகும்?"

"எதிரிக்குத் தெரியும் வெர்னன். அவன்தானே சுடுறான்."

இந்த வாதத்தில் தேசபக்தி சற்றுக் குறைவாக இருப்பதைக் கமிட்டி கவனித்தது. தீவிரமாக விவாதித்து, ஒருமனதாகத் தீர்மானித்தோம்: டாரிலுக்கு ரிப்பன் அனுப்புவது. சாதாரண ரிப்பன் அல்ல, முழ நீளம்!

"இதைக் கதவுல ஒட்டிக்கிட்டா ஊரே அவன் பக்கத்துல நிக்கிற மாதிரி," என்றார் வெர்னன்.

"குண்டு வந்தா ஊரு குறுக்கே விழுமா?" என்றாள் லொரெட்டா. டோனட்டும் வேண்டாம் என்றுவிட்டாள். சிலரைத் திருப்திப்படுத்துவது எவ்வளவு கடினம்!

அக்டோபர் கூட்டத்தில் நானே அன்போடு விசாரித்தேன். "டாரில் பேசினானா? ரிப்பன் கிடைச்சுதா?"

"கிடைச்சுது. ஒட்டலையாம்."

"ஏன்? காந்தம் போயிடுச்சா?"

"காந்தம் நல்லாத்தான் இருக்கு. வண்டி அலுமினியம். கதவு வெறும் கித்தான் துணி. எங்க வச்சாலும் கீழ விழுதாம். பசங்க வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்களாம்." அவள் சிரிக்கவில்லை. "இப்பவாவது அந்தச் சாவியை வாங்கிக் குடு வெர்னன். கெஞ்சிக் கேக்கறேன்."

கமிட்டி அதிர்ந்துபோனது. கெல்பர்ன் அனுப்பிய ரிப்பன் கீழே விழுவதா? பின்பக்கம் பசை தடவிய புது ரிப்பனுக்குச் சீனாவில் அன்றே ஆர்டர் கொடுத்தோம். கப்பல் வரத் தாமதமாயிற்று.

டாரில் முந்திக்கொண்டான். நவம்பரில், கொடி போர்த்திய பெட்டியில் வந்து சேர்ந்தான்.

வெர்னனுக்குப் பெரிய மனசு. பெட்டியைக் கல்லறைக்குக் கொண்டுபோகத் தன் கடையின் மிகப் பெரிய ராட்சச வண்டியை இலவசமாகவே தந்தார். பின்னால் ஊரே வரிசை கட்டி நின்றது, வண்டிக்கு ஒரு ரிப்பனோடு. கமிட்டி சார்பில் நான் ஒரு முழ நீள ரிப்பனை அந்த வண்டியின் கதவருகே கொண்டுபோனேன். சரியாக வைப்பதற்குள் டப்பென்று தானே ஒட்டிக்கொண்டது. எங்கள் உழைப்பு வீண்போகவில்லை.

லொரெட்டா அருகில் வந்தாள். விரல் முட்டியால் கதவைத் தட்டிப் பார்த்தாள்.

"நல்ல இரும்பு, வெர்னன்," என்றாள். "என் பையன் இப்ப பத்திரமா இருக்கான்."