ஜப்பான் பாட்டில் ஒரு அயித்தை

பழனிசெட்டிபட்டியில் ஜப்பான் மொழி தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் ஞானதுரை. இதைச் சொன்னவரும் ஞானதுரைதான். மறுத்துச் சொல்ல ஊரில் ஆள் இல்லாததால் முப்பத்தைந்து வருடமாக அந்தப் பட்டம் அவரிடமே இருந்தது.

நகோயாவில் வேலை பார்க்கும் மகள் கயல் ஒருநாள் போனில் கூப்பிட்டாள். "ஏப்ரல்ல இங்க பூப்பூக்கிற சீசன். மூணு வாரம் வந்து இருங்களேன். ஆனா ரெண்டு பேரும் வந்தா செவலைய யாரு பாக்குறது?" என்றாள்.

செவலை அவர்கள் வீட்டுப் பசு. கன்று போட்டு இரண்டு மாதம் ஆகிறது. நாகஜோதியைத் தவிர வேறு யார் மடியில் கை வைத்தாலும் வாளி ஒரு பக்கம் போகும், ஆள் ஒரு பக்கம் போவார். ஆக, ஒருவர் ஜப்பான் போகலாம், ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். ஞானதுரை அந்த நிமிடமே முடிவெடுத்துவிட்டார். ஜப்பானுக்குத் தான். மாட்டுக்கு மனைவி.

முடிவெடுக்க ஒரு நிமிடம்தான் ஆனது. அதை நாகஜோதியிடம் சொல்ல நான்கு நாள் ஆனது.

"ஜோதி, அந்த ஊருச் சாப்பாடு ஒனக்கு ஒத்துக்கிறாது."

"ஒங்களுக்கு?"

"நான் எட்டு மாசம் தின்னு பழகுனவன்."

"அப்ப சலிச்சுப்போயிருக்கும் மச்சான். நான் போறேன்."

"பாஷை வேணுமில்ல? நான்னா பேசிச் சமாளிப்பேன்."

"எங்க, தண்ணி குடுங்கன்னு ஜப்பான்ல சொல்லுங்க, பாப்பம்."

ஞானதுரை யோசித்தார். அவருக்குத் தெரிந்த ஜப்பானில் மழை இருந்தது. கண்ணீர் இருந்தது. கடல் கூட இருந்தது. குடிக்கத் தண்ணீர் இல்லை.

"அதெல்லாம் அங்கன கேக்கவே வேணாம். அவுகளே கொண்டாந்து குடுத்துருவாக," என்றார்.

விஷயம் என்னவென்றால், அவருடைய ஜப்பான் மொழி முழுவதும் பாட்டிலிருந்து வந்தது. தொண்ணூறாம் வருடம் மில்லில் ஃபிட்டராக இருந்தபோது, புதிதாக வந்த நூல் சுற்றும் மெஷினைப் படித்துவரச் சொல்லி அவரை ஜப்பானுக்கு அனுப்பினார்கள். பகலில் கைஜாடையிலேயே மெஷின் படித்தார். சாயங்காலமானால் கூட வேலை பார்த்தவர்கள் ஒரு சின்ன மதுக்கடைக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். அங்கே கரோக்கே உண்டு. இசை தானாக ஓடும், மைக்கைப் பிடித்து ஆளாளுக்குப் பாடுவார்கள். மற்றவர்கள் குடித்தார்கள். ஞானதுரை குடித்தாரா என்பதை நாகஜோதி இன்றுவரை விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

அப்போது ஊரே ஷிராசே மினெகோ என்ற பாடகிக்குக் கிறங்கிக் கிடந்த காலம். ஞானதுரையும் கிறங்கினார். பாடல்களைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதி வைத்துப் பாடினார். அர்த்தம் கேட்கப் பாஷை இல்லை. கரோக்கே டிவியில் மழை பெய்தால் மழைப்பாட்டு, கப்பல் நின்றால் துறைமுகப் பாட்டு. பாடி முடித்ததும் கை தட்டி முதுகில் தட்டுவார்கள். ஆறு வயதில் தாயைப் பறிகொடுத்து, இருபத்தாறு வயதில் கண்காணாத தேசத்துக் குளிரில் கிடந்தவனுக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் வீடாக இருந்தது.

மினெகோவுக்கு இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இன்னும் மேடை ஏறுகிறார். 'கரோக்கேயில் மக்கள் அதிகம் பாடும் மினெகோ பாடல்கள் பத்து' என்று யூடியூபில் ஒரு பட்டியல் வந்திருந்தது. பத்தில் ஏழு ஞானதுரைக்கு மனப்பாடம். துறைமுகப் பாட்டுக்கு மூன்றாம் இடம் கொடுத்திருந்தார்கள். அவர் கொதித்துப்போய், 'இது அநியாயம்' என்று கீழே தமிழில் எழுதினார். ஜப்பான்காரர்கள் பதில் சொல்லவில்லை.

அவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவருக்குப் பெண்டாட்டியைக் கொடுத்ததே அந்தப் பாட்டுதான்.

ஜப்பானிலிருந்து திரும்பியதும் கூடலூரில் இருந்த அயித்தை சங்கிலியம்மாளைப் பார்க்கப் போனார். அப்பாவின் தங்கை. அவள் மகள் நாகஜோதிக்குக் குமுளியில் ஜீப் வைத்திருந்த மாப்பிள்ளையைப் பேசி முடித்திருந்த நேரம். ஞானதுரை வயிற்றெரிச்சலோடு காபி குடித்துக்கொண்டிருந்தார். யாரோ, "ஜப்பான் பாட்டு ஒண்ணு பாடுப்பா," என்றார்கள். துறைமுகப் பாட்டை எடுத்துவிட்டார். அதில் 'அனத்தா' என்று ஒரு சொல் வரும். அடுத்து 'ஐத்தை' என்று ஒரு சொல் வரும். இரண்டும் மாறி மாறி வரும்.

சங்கிலியம்மாள் காதில் அது, "அனாத... அயித்தே... அனாத... அயித்தே" என்று விழுந்தது.

அவ்வளவுதான். அயித்தை மாரில் அடித்துக்கொண்டு எழுந்தாள். "ஏலே! நான் உசுரோட இருக்கையில நீ அனாதையாடா? சீமைக்குப் போயும் இந்த அயித்தயத்தான நெனச்சிருக்க! எம்மகள ஒனக்குக் குடுக்காம எவனுக்குக் குடுப்பேன்?" என்று கட்டிக்கொண்டு அழுதாள். மறுநாளே ஜீப்புக்கு ஆள் அனுப்பி, இல்லை என்று சொல்லிவிட்டாள்.

'அயித்தே, அது நீங்கள் நினைக்கிற அயித்தை இல்லை' என்று ஞானதுரை சொல்லியிருக்கலாம். சொல்வாரா? அதற்குப் பிறகு பொங்கல், தீபாவளி, காதுகுத்து எதுவானாலும் அயித்தை அந்தப் பாட்டைக் கேட்பாள். ஒவ்வொரு முறையும் அவர் 'அயித்தே'யைக் கொஞ்சம் தெளிவாக்கினார், கொஞ்சம் நீட்டினார். "அந்தப் பாட்டுக்காரிக்கும் அயித்த மேல எம்புட்டுப் பாசம் பாரு," என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள் அந்த மகராசி.

நாகஜோதி இப்போது ஒரு யோசனை சொன்னாள்.

"நமக்குள்ள சண்டை எதுக்கு மச்சான்? பாட்டுக்கு மார்க் போடுற கரோக்கே இருக்குன்னு கயலு சொன்னா. ரெண்டு பேரும் அந்தத் துறைமுகப் பாட்டப் பாடுவம். யாருக்கு மார்க்கு கூடவோ அவுக போகட்டும்."

ஞானதுரைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நீ பாடுவியா? அந்தப் பாட்ட?"

"முப்பத்தஞ்சு வருசமா காதுல விழுகுதே. பத்து நாள் டயம் வச்சுக்குவம். ஆனா வீட்டுக்குள்ள பாடாதீக, டிவி கேக்க முடியல. காலையில நான் பால் பீச்சயில கொட்டகைக்கு வந்து பாடுங்க. தகரக் கூரை, கொரலு நல்லா எடுக்கும்."

எதிராளிக்கே வழி சொல்லிக் கொடுக்கிறாளே என்று அவருக்கு மனைவி மேல் இரக்கமே வந்துவிட்டது. மறுநாள் காலையிலிருந்து கொட்டகையில் மினெகோ கச்சேரி தொடங்கியது. முதல் நாள் செவலை கயிற்றை அறுக்கப் பார்த்தது. நான்காம் நாள் காதை மட்டும் ஆட்டியது. ஏழாம் நாள் அசைபோட்டுக்கொண்டே கேட்டது. "பாட்டு எடுபடுது ஜோதி," என்றார் பெருமையாக. "கிட்டக்க வந்து அது கழுத்தத் தடவிக்கிட்டே பாடுங்க, இன்னும் உருக்கமா வரும்," என்றாள் அவள். அதையும் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோவில் கயல் வந்தாள். இசையைப் போட்டாள். ஞானதுரை கண்ணை மூடிக்கொண்டு பாடினார். 'அயித்தே' வந்த இடத்தில் அயித்தை முகமும் வந்தது. கூடலூர் வீடு வந்தது. குரல் தழுதழுக்க இழுத்தார், இழுத்தார், இசை அடுத்த வரிக்குப் போனபிறகும் இழுத்தார்.

ஐம்பத்தெட்டு மார்க்.

"மெஷினுக்குக் காது செவிடா?" என்றார்.

"அப்பா, அது 'அயித்தே' இல்ல, 'ஐத்தை'. பொசுக்குன்னு முடிஞ்சிரும். நீங்க கம்பத்துல ஆரம்பிச்சு தேனியில முடிக்கிறீக!" கயல் சிரிப்பில் போன் ஆடியது.

நாகஜோதி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பாடினாள். இழுக்கவில்லை. நடுங்கவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோலப் பாடினாள். தொண்ணூற்றொன்று.

"நான் சொல்லிக்குடுத்த அர்த்தத்தையும் சொல்லும்மா," என்றாள் கயல்.

"'அனத்தா'ன்னா அங்கன பொம்பளைக புருசனக் கூப்புடுறது, நாம என்னங்கன்னு கூப்புடுற மாதிரி. 'ஐத்தை'ன்னா பாக்கணும் போல இருக்குன்னு அர்த்தமாம்." சொல்லிவிட்டு அவரைப் பார்த்தாள். "என்னங்க, ஒங்களப் பாக்கணும் போல இருக்கு. அம்புட்டுத்தான் பாட்டு."

அயித்தை இருந்தவரை அவளைப் பார்த்து 'என்னங்க' என்று உருகியிருக்கிறோம் என்ற வெட்கம் ஞானதுரைக்கு ஒரு பக்கம். இந்தப் பாட்டை இவள் தனக்காகப் பாடிவிட்டாளே என்ற நெகிழ்ச்சி ஒரு பக்கம். ஜப்பானாவது ஒன்றாவது, இவள் சந்தோஷமாகப் போய்வரட்டும் என்று மனதாரத் தோன்றியது.

"ஜோதி, நீயே போயிட்டு வா. நான் விட்டுக்குடுக்குறேன்," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"விட்டுக்குடுக்குறீகளா?" என்றாள் கயல். "அம்மா பேருல போன மாசமே டிக்கெட் எடுத்தாச்சேப்பா. விசா கூட வந்துருச்சு."

ஞானதுரை மனைவி பக்கம் திரும்பினார். "அப்பறம் எதுக்குடி பத்து நாளா என்னையக் கொட்டகையில நிறுத்திப் பாட விட்ட?"

"செவலைக்கு ஒங்க கொரலு பழக வேணாமா?" என்று பால் வாளியை அவர் கையில் கொடுத்தாள் நாகஜோதி.